வேதாகமத்தின் எபிரெய ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் காணும் முறை

யோசுவாவின் புத்தகத்தில் 15ஆம் அதிகாரம் முதல் 19ஆம் அதிகாரம் வரை வரிசையாக வரும் ஊர்ப்பெயர்களை வேதாகம வாசகர்களில் பெரும்பாலோர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எபிரெய மொழி அறிந்தவருக்கு அதே பட்டியலில் கிணறும் ஊற்றும் மேடும் ஆலையும் காவற்கோபுரமும் தெளிவாகத் தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பெயர்களின் ஒலியை மட்டுமே நமக்குக் கொண்டுவந்து தருவதால் பொருள் மூலமொழியிலேயே தங்கிவிடுகிறது. வேதபாடம் நடத்துகிறவர்களும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும், தனியாக உட்கார்ந்து வேதத்தை ஆராய்கிறவர்களும் அந்தப் பொருளைத் தாங்களே தேடிக் கண்டுகொள்ளும் வழியை இங்கே விளக்குகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பெயரில் வேதாகம ஆசிரியர் எந்தப் பொருளைக் கேட்டார் என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயர் முதன்முதலில் எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பதுண்டு. கிடைக்காமல் போவதும் உண்டு. கையேடுகளில் காணப்படும் “இந்த ஊருக்கு இந்தப் பொருள்” என்னும் பட்டியல்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றை நம்பித் தயாரிக்கப்படும் பாடங்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

தேவையான கருவிகள் மிகச் சில. ஒத்துவாக்கியங்கள், அதாவது தொடர்புடைய மற்ற வசனங்களைச் சுட்டும் குறிப்புகள், அச்சிடப்பட்ட தமிழ் வேதாகமம் ஒன்றும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு மொழிபெயர்ப்பும், மூலச்சொற்களுக்கு எண் கொடுத்திருக்கும் சொல்லடைவு ஒன்றும் போதும். 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட சொல்லடைவின் எண்களே இன்று இணையத்திலும் கைபேசிச் செயலிகளிலும் பரவலாக வழங்குகின்றன. இவற்றோடு எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். இலக்கணம் முழுவதும் தெரியவேண்டிய அவசியமில்லை. எழுத்துகள் தெரியாமல் மட்டும் இந்தப் பாதையில் அதிக தூரம் போக முடியாது. அதன் காரணம் பின்னால் விளங்கும்.

முதலில் வேதவாக்கியத்தையே கேட்பது

அகராதியைத் திறக்குமுன், அந்த ஊர் முதலாவது குறிப்பிடப்படும் இடத்தையும், பெயரிடப்பட்ட நிகழ்ச்சி எழுதப்பட்டிருந்தால் அந்த இடத்தையும் வாசிக்க வேண்டும். “என்று பேரிட்டான்”, “இந்நாள்வரைக்கும் என்னப்படுகிறது” போன்ற தொடர்கள் வரும் இடங்களில் விளக்கம் அந்த வசனத்திலோ, அதற்குச் சற்று முன்போ இருக்கும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஆதியாகமம் 26ஆம் அதிகாரம். ஈசாக்கின் வேலைக்காரர் கேராரின் பள்ளத்தாக்கில் துரவு வெட்டுகிறார்கள். கேராரூர் மேய்ப்பர் தண்ணீர் தங்களுடையது என்று வாக்குவாதம் செய்கிறார்கள். அந்தத் துரவுக்கு ஏசேக்கு என்று பேர். அடுத்த துரவுக்காகவும் சச்சரவு எழுகிறது. அதற்குச் சித்னா என்று பேர். மூன்றாவது துரவுக்காக எவரும் வாக்குவாதம் செய்யவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பேர். ஏசேக்கு என்பது வழக்கையும், சித்னா என்பது பகையையும், ரெகொபோத் என்பது விசாலமான இடங்களையும் குறிக்கின்றன. சித்னா என்னும் பெயரிலுள்ள மெய்யெழுத்துகளே எதிராளி என்று பொருள்படும் சாத்தான் என்னும் சொல்லிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எத்தனையோ கிறிஸ்தவ இல்லங்களின் முகப்பிலும் ஜெப வீடுகளின் பலகையிலும் ரெகொபோத் என்னும் பெயரைக் காணலாம். அந்தப் பெயரின் முழு எடையை உணர வேண்டுமானால், அதற்கு முன் விட்டுக்கொடுக்கப்பட்ட இரண்டு துரவுகளின் பெயர்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

எபெனேசர் இன்னும் ஆழமாகப் பார்க்கத் தக்க பெயர். எபென் என்பது கல்; ஏசெர் என்பது உதவி. 1 சாமுவேல் 7:12இல் சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்” என்று சொல்லிப் பெயரிடுவது எல்லாருக்கும் தெரிந்ததே. ஒத்துவாக்கியங்களைப் பின்தொடர்ந்தால் இந்தப் பெயர் 4:1இலேயே வந்துவிடுவதைக் காணலாம். எபெனேசருக்கு அருகே பாளயமிறங்கிய இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் முறிந்தோடி, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தது அந்த முந்திய அதிகாரத்தில்தான். இரண்டும் ஒரே இடந்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரே புத்தகத்தில் தோல்வியின் இடத்துக்கும் உதவியின் கல்லுக்கும் ஒரே பெயர் வருவதைக் கவனியாமல் விடலாகாது. ஆகவே ஒரு பெயரின் பொருளைக் குறித்துக்கொள்ளும்போது, அது வரும் எல்லா இடங்களையும் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கேட்ட பொருளும் பெயரின் பிறப்பும்

ஆதியாகமம் 11:9இல், கர்த்தர் பூமியெங்கும் வழங்கின பாஷையைத் தாறுமாறாக்கினபடியால் அந்த நகரத்தின் பேர் பாபேல் என்னப்பட்டது என்று வாசிக்கிறோம். தாறுமாறாக்குதல் என்பதற்கு அங்கே உள்ள எபிரெய வினைச்சொல் பாலால். பாபேல் என்னும் பெயரில் ஆசிரியர் அந்த ஒலியைக் கேட்கிறார். பாபிலோனியரோ தங்கள் அக்காத் மொழியில் அதைப் பாப்-இலிம், அதாவது தெய்வத்தின் வாசல் என்று பொருள்கொண்டிருந்தார்கள். எது சரி என்று கேட்பது கேள்வியையே தவறாக அமைப்பதாகும். தங்கள் நகரம் தெய்வத்தின் வாசல் என்று பெருமை பாராட்டியவர்களின் பெயரை எடுத்து, அதில் குழப்பத்தின் ஒலி இருக்கிறது என்று காட்டுவதே அந்த வசனத்தின் வன்மை. அதே ஆதியாகமத்தில் யாக்கோபு கல்லைத் தலையணையாக வைத்து உறங்கி எழுந்து, தான் படுத்திருந்த வெறுமையான இடத்தைத் “தேவனுடைய வீடு” என்றும் “வானத்தின் வாசல்” என்றும் சொல்லிப் பெத்தேல் என்று பெயரிடுகிறான். இவ்விரண்டு பெயர்களையும் அருகருகே வைத்து வாசிப்பது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி.

பெயெர்செபாவில் வசனமே இரண்டு பொருளை நமக்கு முன் வைக்கிறது. பெயெர் என்றால் கிணறு அல்லது துரவு. ஏழு என்னும் எண்ணுக்கும் ஆணையிடுதல் என்னும் வினைக்கும் எபிரெயத்தில் மெய்யெழுத்துகள் ஒன்றே. ஆதியாகமம் 21இல் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறான். அவனும் அபிமெலேக்கும் அங்கே ஆணையிடுகிறார்கள். பெயருக்குக் காரணமாக 31ஆம் வசனம் ஆணையையே சொல்கிறது. “ஏழு கிணறு” என்று மட்டும் எழுதிவிடும் பட்டியல்கள் ஆணையை இழந்துவிடுகின்றன. “ஆணையின் கிணறு” என்று மட்டும் எழுதுகிறவை ஆட்டுக்குட்டிகளை இழந்துவிடுகின்றன. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி, எந்த வசனம் எதைச் சொல்கிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கில்காலும் அப்படிப்பட்டதே. யோசுவா 5:9இல் எகிப்தின் நிந்தையைப் புரட்டிப்போட்டேன் என்று கர்த்தர் சொல்வதோடு அந்தப் பெயர் இணைக்கப்படுகிறது; காலால் என்பது உருட்டுதலைக் குறிக்கும் வினை. கில்கால் என்னும் சொல்லுக்குக் கல்வட்டம் என்பதே முதற்பொருளாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அதற்கு முந்திய அதிகாரத்தில் யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்படுவதால், அந்தக் கருத்தும் வசனத்துக்குப் புறம்பானதாக இல்லை.

பெயரைப் பகுத்துப் பார்த்தல்

வசனத்தில் விளக்கம் இல்லாத பெயர்களே எண்ணிக்கையில் அதிகம். அவற்றைப் பகுக்க வேண்டும். நம்முடைய ஊர்ப்பெயர்களில் குளம், பட்டி, பாக்கம், மலை என்று முடிவதைக் கண்டவுடன் அந்த ஊரின் இயல்பு ஓரளவு விளங்குவது போலவே, எபிரெயப் பெயர்களிலும் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகள் உண்டு. அங்கே அவை பெரும்பாலும் பெயரின் முன்னே நிற்கும்.

பெத் என்பது வீடு. பெத்லகேம் அப்பத்தின் வீடு. பெத்ஷிமேஸ் சூரியனின் வீடு. பெத்சாயிதா மீன்பிடி அல்லது வேட்டையின் வீடு. பெத்பகே பழுக்காத அத்திக்காய்களின் வீடு. இங்கே ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். இஸ்ரவேலர் வருவதற்கு முன்னரே கானானியர் வைத்த பெயர்கள் பல அப்படியே நிலைத்துவிட்டன. பெத் என்பதற்குப் பின் ஒரு தெய்வத்தின் பெயர் வந்தால் அது அந்தத் தெய்வத்தின் கோயில் இருந்த ஊராக இருக்கக்கூடும். பெத்ஷிமேசில் சூரிய வழிபாட்டின் சாயலும், பெத்தாகோனில் தாகோனின் பெயரும், எரேமியாவின் ஊராகிய ஆனதோத்தில் ஆனாத் என்னும் கானானியப் பெண் தெய்வத்தின் பெயரும் இருக்கின்றன. பெயர் புறமதத்திலிருந்து வந்தது என்பதற்காக அதைச் சுற்றிவளைத்து வேறு பொருள் சொல்லத் தேவையில்லை.

பெயெர் தோண்டி எடுக்கும் தண்ணீரையும், தமிழில் “என்”, “எங்” என்று தொடங்கும் உறுப்பு தானாகச் சுரக்கும் ஊற்றையும் குறிக்கின்றன. வறண்ட தென்பகுதியில் பெயெர்செபா கிணற்றால் வாழ்ந்தது. சவக்கடலின் மேற்குக் கரையில் எங்கேதி, அதாவது ஆட்டுக்குட்டியின் ஊற்று, பாறைகளினூடே ஓடும் நீரால் வாழ்ந்தது. உன்னதப்பாட்டில் எங்கேதியின் திராட்சத்தோட்டங்கள் பேசப்படுவதன் காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ராமா என்பது உயரமான இடம். கேபா, கிபியா, கிபியோன் ஆகிய மூன்றும் மேட்டைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒரே பகுதியில் இவை மூன்றும் நெருங்கியிருப்பதால், பெயர்களைக் குழப்பிக்கொள்ளாமல் வரைபடத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. மிஸ்பா காவல் பார்க்கும் இடம். மிக்தோல் கோபுரம், மகதலேனா மரியாளின் ஊர்ப்பெயரும் அந்தச் சொல்லைச் சேர்ந்ததே. காத் என்பது திராட்சப்பழத்தை மிதித்துச் சாறு எடுக்கும் ஆலை. அதே சொல் செமனீம், அதாவது எண்ணெய்கள், என்பதோடு சேர்ந்து கெத்செமனே ஆயிற்று. ஒலிவமலையின் அடிவாரத்தில் ஒரு ஒலிவச் செக்கு இருந்த தோட்டம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

பெயரின் ஈறுகளையும் பார்க்க வேண்டும். ஓத் என்றும் ஈம் என்றும் முடிபவை பன்மை. ஆயீம் என்று முடிவது இருமை. சுக்கோத் கொட்டகைகள், பேரோத் கிணறுகள், மக்னாயீம் இரண்டு பாளயங்கள். யாக்கோபு தேவசேனையைக் கண்டு மக்னாயீம் என்று பெயரிட்டதையும், அதன்பின் பயத்தினால் தன் ஜனங்களை இரண்டு பகுதியாகப் பிரித்ததையும் ஆதியாகமம் 32இல் சேர்த்து வாசித்தால், அந்த இருமை ஈறு ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

பகுத்து முடித்தவுடன் பொருள் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கீரியாத் என்றால் பட்டணம்; அர்பா என்றால் நான்கு. ஆகவே கீரியாத்அர்பா “நான்கின் பட்டணம்” என்று சொல்லத் தோன்றும். யோசுவா 14:15இல் அர்பா என்பவன் ஏனாக்கியருக்குள் பெரிய மனிதனாயிருந்தான் என்று எழுதியிருக்கிறது. வசனம் ஆள்பெயர் என்று சொல்லும்போது, அகராதி தரும் நான்கு என்னும் பொருளை எடுத்துக்கொண்டு பாடம் சொல்வது முறையல்ல.

தமிழ் எழுத்து மறைக்கும் வேறுபாடுகள்

எபிரெய எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முன்னே சொன்னதன் காரணம் இதுதான். எபிரெயத்தில் வெவ்வேறாக உள்ள பல மெய்யெழுத்துகள் தமிழில் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. கோலியாத்தின் ஊர் காத். யாக்கோபின் குமாரனும் அவன் கோத்திரமும் காத். தமிழில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. எபிரெயத்தில் ஊரின் பெயர் தௌ என்னும் எழுத்தில் முடிகிறது. கோத்திரத்தின் பெயர் தாலேத் என்னும் எழுத்தில் முடிகிறது. முதலாவது ஆலை, இரண்டாவது, லேயாள் சொன்னபடி, நற்பேற்றோடு தொடர்புடைய சொல்.

காயீனின் தம்பி ஆபேலும், பெத்மாக்காவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆபேல் என்னும் ஊரும் அவ்வாறே. தம்பியின் பெயர் ஹே என்னும் எழுத்தில் தொடங்குகிறது. பொருள் மூச்சு அல்லது நீராவி. பிரசங்கி “மாயை, மாயை” என்று சொல்வதும் அதே சொல்தான். ஊர்ப்பெயர் ஆலேப்பில் தொடங்குகிறது. பொருள் புல்வெளி அல்லது நீரோடை நிலம். அதே எழுத்துகளில் துக்கம் என்னும் சொல்லும் இருப்பதால், யாக்கோபுக்காக எகிப்தியர் துக்கம் கொண்டாடின இடம் ஆபேல்மிஸ்ராயீம் என்னப்பட்டது.

மிகவும் கவனிக்க வேண்டியது சீயோன். எருசலேமின் சீயோன் த்சாதே என்னும் எழுத்தில் தொடங்குகிறது. உபாகமம் 4:48இல் எர்மோன் மலைக்கு மறுபெயராகச் சொல்லப்படும் சீயோனின் முதலெழுத்து சீன். எபிரெயத்தில் இவை தொடர்பில்லாத இரண்டு பெயர்கள். இருக்கும் இடங்களும் நாட்டின் வடக்கு எல்லையும் யூதாவின் மலைநாடுமாகத் தொலைவில் உள்ளன. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து எர்மோனின் பனியையும் சீயோனின் ஆலயத்தையும் ஒரே மலையாக்கிப் போதித்துவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. சொல்லடைவில் எண்கள் வெவ்வேறாக இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் அந்த ஆபத்து நீங்கிவிடும்.

ஆயின் என்னும் எழுத்தைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும். தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் பல பெயர்களில் அது ககரமாக நிற்கிறது. பாகால் என்பதில் உள்ள க ஆயின்தான். காசா, கொமோரா என்னும் பெயர்களின் முதலெழுத்தும் எபிரெயத்தில் ஆயினே. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாக அவை ககர ஒலி பெற்றன. காசா என்பதன் எபிரெய வடிவம் அஸ்ஸா. வலிமை என்னும் பொருளுடைய சொல்லோடு அது உறவுடையது. ககரத்தை வைத்துக்கொண்டு வேர்ச்சொல் தேடினால் இந்த உறவு ஒருபோதும் அகப்படாது.

எந்த மொழியின் பெயர் என்று கேட்பது

ஆதியாகமம் 31:47இல் ஒரே கற்குவியலுக்கு லாபான் ஜெகர்சகதூதா என்றும் யாக்கோபு கலயெத் என்றும் பெயரிடுகிறார்கள். இரண்டுக்கும் சாட்சியின் குவியல் என்பதே பொருள். முதலாவது அரமேயம், இரண்டாவது எபிரெயம். மாமனும் மருமகனும் ஆளுக்கொரு மொழியில் பெயரிட்டுப் பிரிந்துபோன இந்தக் காட்சி, பெயரின் மொழியைக் கவனிக்க நமக்குக் கற்பிக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இது மிகவும் தேவை. யோவான் சுவிசேஷத்தில் எபிரெயு பாஷையிலே என்று சொல்லப்படும் பெயர்கள் பலவற்றின் வடிவம் அரமேயம். கொல்கொதா மண்டையோட்டைக் குறிக்கும். அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பாகிய கல்வாரியா என்னும் சொல்லிலிருந்தே நம் கீர்த்தனைகளில் வழங்கும் கல்வாரி வந்தது. ஆகையால் கல்வாரிக்கு எபிரெய வேர் தேடுவது வீண். அக்கெல்தமா இரத்தநிலம் என்பதை அப்போஸ்தலர் 1:19 தானே சொல்லிவிடுகிறது. கப்பர்நகூம் நாகூம் என்பவரின் கிராமம். அந்த நாகூம் தீர்க்கதரிசியாகிய நாகூம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

எருசலேம் என்னும் பெயரோ இஸ்ரவேலருக்கு மிகவும் முந்தியது. எகிப்தில் 1887இல் கிடைத்த அமர்னா களிமண் கடிதங்கள் கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் இந்த நகரம் உருசலீம் என்று வருகிறது. ஷாலேம் என்னும் கானானியத் தெய்வத்தின் அஸ்திபாரம் என்பதே அதன் முதற்பொருள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். “சமாதானத்தின் நகரம்” என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சாலேமின் ராஜா என்பதற்குச் சமாதானத்தின் ராஜா என்று எபிரெயர் 7:2 பொருள் சொல்கிறது. பிறப்பைக் கேட்டால் அமர்னா கடிதத்தையும், வேதாகமம் அந்தப் பெயரில் கேட்ட பொருளைக் கேட்டால் எபிரெயர் நிருபத்தையும் காட்ட வேண்டும்.

சீலோவாம் இரண்டு பொருளும் அழகாக இணையும் பெயர். யோவான் 9:7 அதற்கு “அனுப்பப்பட்டவன்” என்று அர்த்தம் தருகிறது. கீகோன் ஊற்றிலிருந்து கால்வாய் வழியாக அனுப்பப்பட்ட தண்ணீரே அந்தப் பெயருக்கு அடிப்படை. எசேக்கியா ராஜாவின் காலத்ததாகக் கருதப்படும் சுமார் 530 மீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாக இன்றும் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. சுரங்கச் சுவரில் வெட்டப்பட்டிருந்த எபிரெயக் கல்வெட்டு 1880இல் கண்டுபிடிக்கப்பட்டது. தன்னைப் பிதா அனுப்பினார் என்று இயேசு திரும்பத் திரும்பச் சொல்லும் சுவிசேஷத்தில், பிறவிக் குருடன் கண்களைக் கழுவிய குளத்தின் பெயருக்குப் பொருள் எழுதப்பட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

மொழிபெயர்ப்பில் மறைந்துபோன பெயர்களும் உண்டு. ஆதியாகமம் 13:1இல் ஆபிராம் எகிப்தை விட்டுத் தென்திசையில் வந்தான் என்று வாசிக்கிறோம். எகிப்திலிருந்து கானானுக்கு வருகிறவன் வடகிழக்கே அல்லவா வர வேண்டும்? அங்கே மூலத்தில் இருப்பது நெகேப் என்னும் சொல். கானானின் வறண்ட தென்பகுதிக்கு அதுவே பெயர். அந்தப் பகுதி தெற்கில் இருந்ததால் அந்தச் சொல் தெற்கையும் குறித்தது. சிவந்த சமுத்திரம் என்று நாம் வாசிப்பதும் எபிரெயத்தில் யாம் சூப், அதாவது நாணல் கடல். குழந்தை மோசேயின் பெட்டி வைக்கப்பட்ட நாணலுக்கும் அதே சொல்தான். சிவப்பு என்பது கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது.

தீர்க்கதரிசிகளின் சொல்நயம்

பெயரின் பொருள் தெரியாவிட்டால் வசனமே பாதி மறைந்துபோகும் இடங்கள் தீர்க்கதரிசன புத்தகங்களில் இருக்கின்றன. ஆமோஸ் 5:5இல் கில்கால் சிறையிருப்பாகப் போகும் என்பதை எபிரெயத்தில் உரக்க வாசித்தால் “ஹகில்கால் காலோ யிக்லே” என்று ககரமும் லகரமும் அடுக்கடுக்காக வரும். அதே வசனத்தில் பெத்தேல் ஆவேன், அதாவது வெறுமை, ஆகும் என்கிறார். ஓசியா ஒரு படி மேலே சென்று, யெரொபெயாமின் பொன் கன்றுக்குட்டி நின்ற பெத்தேலையே பெத்தாவேன் என்று அழைக்கிறார். தேவனுடைய வீடு அக்கிரமத்தின் வீடாயிற்று என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார். பெத்தாவேன் என்று பெத்தேலுக்கு அருகே உண்மையிலேயே ஒரு இடம் இருந்ததை யோசுவா 7:2 காட்டுகிறது. பக்கத்து ஊரின் பெயரை எடுத்துச் சூட்டியதால் அந்தக் கடிந்துகொள்ளுதல் இன்னும் கூர்மையாயிற்று.

மீகா 1:10 முதல் 15 வரையுள்ள பகுதி இவ்வகையில் மிகச் செறிவானது. மொரேசேத் ஊரானாகிய மீகா தன் சொந்தப் பகுதியின் ஊர்களையே பெயர் சொல்லிப் புலம்புகிறார். பெத் அப்ரா புழுதியில் புரள வேண்டும். எபிரெயத்தில் புழுதி ஆபார். லாகீசின் குடிகள் ரேகெஷ் என்னும் விரைவான குதிரையை இரதத்தில் பூட்ட வேண்டும். அக்சீபின் வீடுகள் அக்சாப், அதாவது அபத்தம், ஆகும். மரேஷாவுக்கு யோரேஷ், அதாவது அதைச் சுதந்தரித்துக்கொள்கிறவன், வருவான். இந்தப் பகுதியைக் கி.மு. 701இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் அழித்ததோடு பலர் இணைக்கிறார்கள். லாகீஸ் வீழ்ந்த காட்சியை அவன் நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தச் சிற்பங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒவ்வொரு ஊரின் அழிவும் அதன் பெயருக்குள்ளேயே ஒளிந்திருந்தது போல மீகா பேசுகிறார். தீர்க்கதரிசி ஊர்களை அடுக்கிச் சொல்வதைக் கண்டால், அந்த வசனங்களில் ஒவ்வொரு பெயரின் எண்ணையும் அதனோடு வரும் சொற்களின் எண்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

நிலத்தோடும் தொல்லியலோடும் ஒப்பிடுதல்

எபிரெயப் பெயர்கள் பல அரபுப் பெயர்களாக மாறி நிலத்திலேயே தங்கியிருந்தன. அமெரிக்கரான எட்வர்ட் ராபின்சன் 1838இல் அரபு மொழி அறிந்த ஏலி ஸ்மித்தோடு பயணம் செய்து, அனாத்தா என்பதில் ஆனதோத்தையும், பெய்த்தீன் என்பதில் பெத்தேலையும், எல்-ஜீப் என்பதில் கிபியோனையும் அடையாளம் கண்டார். எல்-ஜீபில் ஜேம்ஸ் பிரிச்சர்ட் 1956இல் தொடங்கிய அகழாய்வில் கிபியோன் என்று எழுதப்பட்ட ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்ததால் அந்த அடையாளம் உறுதிப்பட்டது. நாசரேத்தைப் பற்றிப் பழைய ஏற்பாடு எதுவும் சொல்வதில்லை. அதன் எபிரெய எழுத்து எது என்பதும் நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. 1962இல் செசரியாவில் கிடைத்த ஒரு கல்வெட்டுத் துண்டில் அந்தப் பெயர் த்சாதே எழுத்தோடு காணப்பட்டது. ஏசாயா 11:1இல் தளிர் அல்லது கிளை என்று வரும் நேட்சேர் என்னும் சொல்லோடு நாசரேத்தை இணைப்பவர்களுக்கு இது துணைசெய்கிறது. ஆயினும் பாடத்தில் “இணைத்துப் பார்க்கப்படுகிறது” என்று சொல்லுங்கள். “இதுவே பொருள்” என்று சொல்லாதீர்கள். பொருள் உறுதியாகாத பெத்தானியா, எரிகோ என்னும் பெயர்களுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

ஆகோர் பள்ளத்தாக்கை வைத்து முழு முறையையும் ஒருமுறை செய்து பாருங்கள். யோசுவா 7ஆம் அதிகாரத்தின் இறுதியை வாசித்தால், ஆகானை நோக்கி “நீ எங்களைக் கலங்கப்பண்ணினதென்ன?” என்று யோசுவா கேட்பதும், அந்த இடம் ஆகோர் என்னப்பட்டதும் கிடைக்கும். சொல்லடைவில் அந்த வினைச்சொல்லையும் ஊர்ப்பெயரையும் ஒப்பிட்டால், இரண்டிலும் ஆயின், காப், ரேஷ் என்னும் எழுத்துகளைக் காண்பீர்கள்; தமிழில் ஆ என்று தொடங்கினாலும் முதலெழுத்து ஆயின் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 நாளாகமம் 2:7இல் ஆகானின் பெயரே ரேஷ் எழுத்தில் முடியும்படி எழுதப்பட்டிருப்பதும் அப்போது கண்ணில் படும். பின்பு ஒத்துவாக்கியங்களைப் பின்தொடர்ந்து ஏசாயா 65:10இல் அந்தப் பள்ளத்தாக்கு மாட்டுக்கிடையாவதையும், ஓசியா 2:15இல் அது நம்பிக்கையின் வாசலாவதையும் வாசியுங்கள். கலக்கத்தின் பள்ளத்தாக்கு என்னும் பொருள் தெரிந்தவருக்கே ஓசியாவின் அந்த வாக்குத்தத்தம் எவ்வளவு பெரியது என்பது புலப்படும். வரைபடத்தில் யோசுவா 15:7இன்படி யூதாவின் வடக்கு எல்லையில், எரிகோவுக்கு அருகிலுள்ள பகுதியில் அதைத் தேட வேண்டும். எந்தப் பள்ளத்தாக்கு என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. ஆகவே குறிப்பேட்டில் பொருளுக்கு எதிரே வசனத்தையும், இடத்துக்கு எதிரே “உறுதியில்லை” என்பதையும் எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குச் செல்லலாம்.